திருப்பதி மொட்டை

(சென்ற பிப்ரவரியில் கோலார் தங்கவயலில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில், அவ்வூர் அன்பர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை மாற்றாமல் தருகிறோம். அவர் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும், இலை போட நேரமாகிறதே என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சமையல் மாமாவுக்கும் என் வணக்கம். இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. இங்கே தங்கச் சுரங்கத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷமாக ஊருக்குச் சோறு போட்ட சங்கு நின்றுபோன அந்த வருஷம்தான் எங்கள் குழந்தைக்கும் உடம்பு வந்தது. அப்போது அவளுக்கு நாலு வயசு.

ஆனி மாதக் கடைசியில் ஜுரம் வந்தது. போகும், இரண்டு நாள் கழித்து மறுபடி வரும். முதலில் பார்த்த டாக்டர் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார். மூன்று வாரம் போயிற்று. குழந்தை வெளுத்துக்கொண்டே வந்தாள். கால் வலிக்கிறது என்று நடக்க மாட்டாள், தூக்கச் சொல்லுவாள். விழாமலேயே துடையில் நீல நீலமாகக் கன்றிப் போயிருந்தது. என் மனைவி ஒரு நாள் குளிப்பாட்டும்போது அதைப் பார்த்துவிட்டு, "நான் அடிச்சேன்னு நினைச்சுப்பாளே யாராவது" என்றாள். அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான். பிறகு வேறொரு டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே பெங்களூர் கிளம்பச் சொன்னார்.

ஓசூர் ரோட்டில் கித்வாய் ஆஸ்பத்திரி. 1973ல் ஆரம்பித்தது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுதான் அதிகம் என்றும், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை என்றும் டாக்டர் சொன்னார். எனக்கு முதல் வார்த்தைக்கு அப்புறம் எதுவும் காதில் விழவில்லை.

நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, தங்கவயல்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆடிக் காற்றில் சயனைடு மேட்டு மண் பறந்து வந்து நம் வீட்டு முற்றத்தில் படியுமே, அதனால்தானா? அவர் பொறுமையாகச் சொன்னார்: "அநேகமாக எந்தக் குழந்தைக்கும் இன்னதுதான் காரணம் என்று காட்ட முடியாது. நீங்கள் செய்தது எதுவும் இல்லை, செய்யாமல் விட்டதும் இல்லை. சிகிச்சை இரண்டரை வருஷம். அதை மட்டும் நினையுங்கள்."

வேலையில்லாதவனுக்கு இரண்டரை வருஷம்! கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில்தான் ஆரம்பித்தோம். பிறகு பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன். விடியற்காலை ரயிலில் தங்கவயலே பெங்களூருக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கன்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் இவர்களைப் பார்த்துவிட்டு ஆபீஸ்.

அந்த வார்டில் நாங்கள் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த வாரங்களில் குழந்தைக்கு அசுரப் பசி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உருளைக்கிழங்குக் கறி கேட்பாள். வேறு ஊசி போட்டால் கால் மரத்து, மலச்சிக்கல் வந்து அழுவாள். முதுகுத்தண்டில் ஊசி போடும் நாளில் என் மனைவி பிடித்துக்கொள்ள வேண்டும்; நான் வெளியே நிற்பேன். எனக்குத் தைரியம் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சாத தண்ணீர், வேகாத பண்டம் எதுவும் வாயில் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நம் வீடுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு கோவில் தீர்த்தம், இன்னொரு கோவில் பஞ்சாமிர்தம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பஞ்சாமிர்தம் எங்களுக்கு. தீர்த்தத்தைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுப்பாள். அக்கம்பக்கத்து மாமி ஒருவர் முகம் சுளித்தபோது, "ஏன், காய்ச்சினா பெருமாள் ஓடியா போயிடுவார்?" என்று கேட்டாள். எழுபது வயசில் மடி ஆசாரம் விடாதவள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் குழந்தைக்கு முடி கொட்டிற்று. மிச்சத்தையும் வழித்துவிட்டோம். ஊருக்கு வந்தபோது தெருவில் ஒருவர், "திருப்பதி மொட்டையா?" என்று கேட்டார். நான் "ஆமாம்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் அதுவே எங்கள் குடும்பத்தின் கதையாகிவிட்டது. பெண் குழந்தை, நாளைக்கு ஜாதகம் எடுக்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம். "லட்டு எங்கே?" என்று கேட்டவர்களுக்காக என் மனைவி வீட்டிலேயே லட்டு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். (சிரிப்பு) இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், ஐந்து வயசு. அதே வியாதி. அவன் அப்பா இதே ஊர், மாரிகுப்பம் லைன் வீட்டுக்காரர். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். ஆபீஸில் அவரை நான் சம்பளப் பட்டியலில் ஒரு நம்பராகத்தான் பார்த்திருப்பேன். குழந்தைக்கு ஒரு நாள் பிளேட்லெட் படுமோசமாக இறங்கி, மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. என் ரத்தம் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாரிடமும் வியாதியைச் சொல்லாததால் சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடவும் முடியவில்லை. ரகசியத்தின் விலை அன்று தெரிந்தது. அவர் கேட்காமலேயே எழுந்து போய்ப் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு, தன் பையனிடம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ரயிலில் அவரைப் பார்த்தேன். என்னோடு ஒரு நெருங்கிய உறவினர் குடும்பம் இருந்தது, திருப்பதி மொட்டை என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள். இவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "சார், பாப்பாவுக்குக் கவுண்ட் எவ்வளவு சார் இப்ப?" என்று கேட்டார். நான், "நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறீங்க" என்றேன்.

அவர் என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். என் உறவினர்களைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "மன்னிச்சுக்குங்க சார், ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பங்காருப்பேட்டையில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார். என் பெண்ணின் உடம்பில் அவர் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் குழந்தைக்கு மஜ்ஜை சுத்தமாக வந்துவிட்டது. கன்னம் பூரித்து, ஓடி ஆடுகிறாள். என் அண்ணா சொன்னார், "ஒண்ணுமில்லேன்னு ஆயிடுத்தே, இன்னும் எதுக்கு ஊசி? குழந்தையைப் போட்டு வதைக்கறயே." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பணமும் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு தவணைக்குப் போகவில்லை. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது, ஏன் வரவில்லை என்று. என் மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, பையை எடுத்து வைத்தாள். மறுநாள் போனோம்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கள் தங்கவயல்காரர்தானே? மேலே தெரியவில்லை என்பதால் கீழே இல்லை என்று எந்தச் சுரங்கத்தில் சொல்வார்கள்?" என்று கேட்டார். மஜ்ஜை சுத்தம் என்று சொல்லும்போதும் மைக்ராஸ்கோப்பில் தெரியாத கெட்ட அணுக்கள் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்கலாமாம். அவற்றை வேரறுக்கத்தான் தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு முறை இன்னொரு மாத்திரை என்று வருஷக்கணக்கில். நிறுத்தினால் திரும்பி வரும். வந்தால் பழைய மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது.

இதை நான் கேட்டுக்கொண்டேன். மாரிகுப்பத்துக்காரர் கேட்கவில்லை. அவர் பையனும் தெளிந்து ஓடி ஆடியவன்தான். பெங்களூரில் கட்டட வேலை, ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. வருவதை நிறுத்திவிட்டார் என்று நர்ஸ் சொன்னார். அவருக்கும் போஸ்ட்கார்டு போயிருக்கும். ஆனால் என் வீட்டிலிருந்து அவர் வீடு மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் போய், "என் பெண்ணுக்கும் இதேதான், நானும் நிறுத்தப் பார்த்தேன், நிறுத்தாதீர்கள்" என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன். பையனுக்கு வியாதி திரும்பியது. 2003ல் போய்விட்டான்.

அப்போதுதான் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, காப்பி வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, "பாப்பா நல்லா இருக்குதா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் சொல்லி அவர் கேட்டிருப்பார் என்றோ, கேட்டிருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்றோ சொல்ல எனக்கு ஞானமில்லை. சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு சீமந்தத்தில், பத்து மாமிகள் நடுவில் அம்மாவே சொல்லிவிட்டாள்: "திருப்பதி மொட்டை இல்லைடி, ஆஸ்பத்திரி மொட்டை. குழந்தைக்கு ரத்தத்திலே புத்து. வைத்தியம் முடியப் போறது." வானம் இடிந்து விழவில்லை. அதில் இரண்டு பேர் மறுநாள் வீட்டுக்கு வந்து, தங்கள் குடும்பத்தில் மறைத்து வைத்திருந்த வியாதிகளைச் சொல்லி அழுதுவிட்டுப் போனார்கள்.

மருந்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். கால் மரக்கவைத்த அந்த ஊசி மருந்து, வின்கிரிஸ்டின், நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அதற்கே சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். பூஜைக்கும் பறிக்கிறோம், வீட்டில் வைக்கக்கூடாது என்றும் சொல்கிறோம். டன் கணக்கில் இலை சேர்த்தால் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். தயவுசெய்து யாரும் அதைக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், செடி விஷம். வாரம் ஒரு முறை கொடுத்த மாத்திரை மெதோட்ரெக்ஸேட். அந்த வகை மருந்துகளைத் தயாரித்த அமெரிக்கக் குழுவை நடத்தியவர் நம் பக்கத்துக்காரர்: பீமாவரத்தில் 1895ல் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவர் குழு அனுப்பிய மருந்தைத்தான் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் 1947 கடைசியில் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அந்தக் குணம் சில மாதமே நின்றது. ஆனால் அதுவரை அதுகூடக் கிடையாது. 1948ல் சுப்பாராவ் காலமாகிவிட்டார்.

இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அதில் பாதிகூட இல்லை. எல்லா நாடுகளிலும் 2030க்குள் அறுபது பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் இலக்கு வைத்தது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெரிய காரணம், தாமதமாக வருவதும் பாதியில் நிறுத்துவதும். அதற்கு நம்மால் ஆனது உண்டு.

நம் அங்கத்தினர்கள் பெங்களூர், சென்னை, மும்பை, வேலூர் என்று பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊர்களில் எல்லாம் இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரு அடுப்பு, காய்ச்சிய தண்ணீர் போதும். நம்மவர்தானா என்று பார்க்காதீர்கள். எனக்கு ரத்தம் கொடுத்தவர் பார்க்கவில்லை. பிளேட்லெட்டை ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆகவே கொடுப்பவர்கள் எப்போதும் வேண்டும். புற்றுநோய் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் சலுகை உண்டு; அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் இருக்கின்றன. எடுத்துச் சொல்லவும் படிவம் எழுதித் தரவும் ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறோம். போகாத ஜுரம், வெளுப்பு, காரணமில்லாத கன்றல், எலும்பு வலி இவை சேர்ந்து வந்தால், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சை முடிந்து, 2004ல் நிஜமாகவே திருப்பதிக்குப் போனோம். "மறுபடியும் மொட்டையா? முடியாது" என்று குழந்தை தேவஸ்தான மண்டபத்திலேயே ரகளை செய்தாள். அவளுக்குப் பதில் நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயசு, வேலையில் இருக்கிறாள். ஜாதகம் எடுத்தபோது, "முதல்ல இதைச் சொல்லிடுங்கோ, அப்புறம் நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ" என்றாள். இரண்டு இடத்தில் பதில் வரவில்லை. மூன்றாவது இடத்தில் பையனின் அம்மா, "இப்போ மாத்திரை ஏதாவது சாப்பிடறாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்குத்தான் மூணு வேளையும் மாத்திரை" என்றார். அந்தக் கல்யாணத்துக்கு மாரிகுப்பத்துக்காரரும் வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தார்.

இன்று இதைப் பேசலாமா என்று பெண்ணிடம் கேட்டேன். "பேசுங்கோப்பா, ரயில்லே நடந்ததையும் சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டேன்.

சமையல் மாமா மன்னிக்க வேண்டும், ஐந்து நிமிஷம் அதிகமாகிவிட்டது.