தனிமையும் ஒரு பிணியே



அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 1965இல் ஏறத்தாழ 7,000 பெரியவர்களின் மணவாழ்வு, உற்றார் நண்பர், ஆலய உறுப்பு, சங்கத் தொடர்பு ஆகிய நான்கையும் கேட்டறிந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கவனித்து, பெர்க்மன், சைம் என்னும் அறிஞர்கள் 1979இல் முடிவை வெளியிட்டார்கள். ஒத்த வயதினருள், உறவுகள் மிகக் குறைந்தோரிடையே இறப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம்! புகை, மதுவைக் கணக்கில் எடுத்த பின்னும் இவ்வுண்மை மாறவில்லை.

அந்த நான்கில் ஆலயமும் ஒன்றல்லவா? படுக்கையில் விழுந்தவருக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். அதற்குமுன் அவர் தனித்திருந்த நாட்களில் நாம் எங்கே இருந்தோம்? யூபிலிக்காக ஆலயத்துக்கு வெள்ளையடித்தோம், நல்லதே. இனி, பூசை முடிந்ததும் கடைசிப் பெஞ்சில் தனியே இருப்பவரிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்போம். அதுவும் மருந்தே.