ஈரலின் மீள்வளர்ச்சி

வெட்டினால் தழைக்கும் உறுப்பொன்று மனித உடலில் உண்டு. அதுவே ஈரல். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹிக்கின்ஸ், அன்டர்சன் என்னும் அறிஞர் இருவர் எலிகளின் ஈரலில் மூன்றில் இரு பங்கை அகற்றினர். வெட்டுண்ட மடல்கள் மீண்டும் முளைக்கவில்லை. எஞ்சிய மடல்களே பருத்து, இரு வாரங்களுக்குள் ஏறத்தாழப் பழைய நிறையை எய்தின.

மனிதரிடத்தும் இவ்வாற்றல் உண்டு. 1998இல் தில்லி அப்பலோ மருத்துவமனையில், ஈரல் பழுதுற்ற காஞ்சிபுரத்துக் குழந்தையொன்று தந்தை ஈந்த ஈரற்பகுதியால் உயிர் பிழைத்தது, வளர்ந்து மருத்துவருமாயிற்று. நலமுள்ள ஈரல், ஈந்தவரிடத்தும் பெற்றவரிடத்தும் வளரும் என்பதே அச்சிகிச்சைக்கு அடிப்படை.

ஆயின், சிரோசிஸ் நோயால் தழும்பேறி இறுகிய ஈரலின் நிலை வேறு. கார்பன் டெட்ராகுளோரைட் என்னும் நஞ்சால் அந்நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில், அறுவைக்குப்பின் வளர்ச்சி தளர்ந்தது. காரணம் யாது? நார்த்தழும்புகள் உயிரணுக்களைச் சூழ்ந்து நெருக்குகின்றன, குருதியோட்டமும் தடைப்படுகின்றது. ஆகவேதான் நல்ல ஈரலில் கால்பங்கு எஞ்சினாலும் அமையும் எனக் கொள்ளும் சத்திரசிகிச்சை நிபுணர், சிரோசிஸ் கண்ட ஈரலில் ஐந்தில் இரு பங்கேனும் எஞ்சவேண்டும் என்பர்.

கொட்டாஞ்சேனையிலாயினும் வெள்ளவத்தையிலாயினும், மிதமிஞ்சிய சாராயமும், கட்டுக்கடங்காத நீரிழிவும், உடற்பருமனும் ஈரலுக்குப் பகையே. வலியின்றிப் பல்லாண்டுகள் தழும்பு வளரக்கூடும். செங்கமாரியும் வயிற்றில் நீரும் தோன்றும்வரை காத்திராது, வைத்தியரை நாடிச் சோதித்துக்கொள்ளுதல் அறிவுடைமை. தன்னைத் தானே புதுப்பிக்கும் வரம் ஈரலுக்கு உண்டு. அவ்வரத்தைத் தழும்பேறுமுன் காத்தல் மனிதர் கடமை.