மேல்நிலைப் பள்ளி மாணவரின் சாதனைகளும் ஜமாஅத்தின் கடமையும்

(நமது ஜமாஅத் மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் பாராட்டு விழாவில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

தலைமையாசிரியர் அவர்கள் சற்று முன்னர் பள்ளியின் ஆண்டறிக்கையை வாசித்தளித்தார்கள். முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பெயர்களும் மதிப்பெண்களும் இம்மலரிலேயே அச்சேறியிருப்பதால் அவற்றை மீண்டும் கூறி உங்கள் நேரத்தைக் கொள்ள நாம் விரும்பவில்லை. கேடயம் பெற்ற பிள்ளைகளுக்கும் அவர்களை ஆளாக்கிய பெற்றோருக்கும் நமது துஆவும் வாழ்த்தும் உரித்தாகுக. அறிவியல் கண்காட்சியிலும், 2022ஆம் ஆண்டு முதல் அரசு நடத்திவரும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பங்கேற்றதைக் கேட்டு மகிழ்ந்தோம். ஆயினும் அறிக்கையில் ஒரே வரியில் முடிந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் முகாமிட்டு நமது ஊருணிக் கரையைச் செப்பனிட்டார்கள் என்பதே அது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் நாம் சற்று விரிவாகப் பேச விழைகிறோம்.

இத்தகைய முகாம் ஆண்டுதோறும் நடக்கிறது. ஈராண்டுகளுக்கு முன் நடந்த முகாமின் மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் நாமும் மோதினார் அவர்களும் தேநீர்த் தூக்குடன் ஊருணிக்குச் சென்றோம். சீமைக் கருவேல மரங்களை வெட்டுவது எளிது. வேரோடு பறிப்பதே கடினம் என்பதை இராமநாதபுரம் சீமைக்காரர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வேரில் ஒரு துண்டு மண்ணுக்குள் நின்றாலும் அடுத்த மழைக்கு அது மரமாகிவிடும். அன்று பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருபது பேரைப் பிரித்து, வெட்டுவோர், தோண்டுவோர், சுமப்போர் என அணி வகுத்து, முள் குத்தியவனுக்கு மருந்திட்டு, கதிர் சாயும் முன் வேலையை முடித்துவைத்தான். அதிகாரி போன்ற அதட்டலும் அவனிடம் இல்லை, தளர்வும் இல்லை. அம்மாணவனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவனைப் பற்றி மீண்டும் கூறுவோம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. பிள்ளைகளிடையே தேவையற்ற போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்பதே அதன் நோக்கம். அரசு நிறுத்தியதை நாம் மட்டும் ஏன் தொடர்கிறோம் என்று கேட்க நாம் இங்கு வரவில்லை. உழைத்த பிள்ளையின் கையில் ஒரு கேடயத்தைக் கொடுப்பதில் தவறில்லை. அதைப் பெறும்போது அப்பிள்ளையின் தாய் தலைமுக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்ததை நாமும் கண்டோம். நமது கேள்வி வேறு. நான்காவதாக வந்தவனுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? தவறிவிட்டவனுக்கு என்ன இருக்கிறது?

நமது மாவட்டத்துப் பிள்ளை ஒருவரின் வரலாறு உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்த ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் படகு வைத்திருந்தவர்; அங்குள்ள பள்ளிவாசலில் இமாமாகவும் பணியாற்றியவர். ஓர் இமாமின் மகன் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அப்பள்ளியின் பெயர் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கிறித்தவப் போதகரின் பெயர். அங்கு அவரை ஊக்குவித்த ஆசிரியர் அய்யாதுரை சாலமோன் என்பார். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கு ஈடாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக வரலாற்று நூல்கள் கூறுவதை அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, தமக்கையார் ஜொஹரா தமது தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைப் படிக்க அனுப்பினார். நம் ஊரில் நகை அடகுக் கடைகளுக்குக் குறைவில்லை. மீட்கப்படாமல் கிடக்கும் நகைகளுள் படிப்புக்காக வைக்கப்பட்டவை எத்தனை என்பதை மட்டும் அவரவர் எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் பலரும் மேடையில் கூறுபவையே. அதிகம் கூறப்படாத செய்தி ஒன்று உண்டு. அவர் போர் விமானியாக விரும்பி விமானப் படையின் தேர்வுக்கு டேராடூன் சென்றார். இருந்தவை எட்டு இடங்கள். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். அன்று அவர் நம் ஜமாஅத்தின் பிள்ளையாக இருந்திருந்தால் நாம் எட்டுப் பெயர்களை வாசித்து எட்டுக் கேடயங்களை வழங்கியிருப்போம். ஒன்பதாவது பிள்ளை கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து போனதைக்கூடக் கவனித்திருக்க மாட்டோம்.

மற்றொன்றும் கேளுங்கள். 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் கலாம் அவர்களே. அன்று செய்தியாளர்களின் கேள்விக் கணைகளுக்கு முன்னால் சென்று அமர்ந்தவர், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பேற்று அவர் பதில் கூறினார். மறு ஆண்டு, 1980 ஜூலை 18ஆம் நாள், அதே வரிசை ஏவூர்தி ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று அதே தவான், செய்தியாளர்களைச் சந்திக்குமாறு கலாம் அவர்களை அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். இதனைக் கலாம் அவர்களே பலமுறை மாணவர் கூட்டங்களில் எடுத்துரைத்திருக்கிறார்கள். நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. வெற்றி பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் புகைப்படத்திற்கு நிற்க நம்மில் பதினைந்து பேர் வருகிறோம். அந்தப் பதினைந்து பேரில் இந்த இமாமும் ஒருவர். தோற்ற பிள்ளையின் வீட்டு வாசலுக்கு ஒருவரும் போவதில்லை.

பிறரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. குறை நம்முடையது. சென்ற ஆண்டு தேர்வு முடிவு வெளியான வாரம், ஜும்ஆத் தொழுகைக்கு முன் தேறியவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தோம். நல்லெண்ணத்துடன்தான் வாசித்தோம். ஆனால் நம் ஊர் சிறிய ஊர். யார் யார் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாசித்த பெயர்களைக் காட்டிலும் வாசிக்காத பெயர்களே அன்று ஊருக்கு உரக்கக் கேட்டன. அவ்வாறு விடுபட்டவர்களுள் ஒருவன், ஊருணிக் கரையில் நாம் கண்ட அந்த மாணவன். சுபுஹுத் தொழுகைக்கு நாள் தவறாமல் வருபவன்; மோதினார் நோயுற்றிருந்த நாள்களில் பாங்கு சொன்னவன். அந்த ஜும்ஆவுக்குப் பின் அவன் பள்ளிவாசலுக்கு வரவில்லை. அவன் வரவில்லை என்பதை நாம் உணர்வதற்கே ஒரு மாதம் சென்றது. விசாரித்தபோது அவன் சென்னைக்குப் போய் ஒரு கடையில் சேர்ந்துவிட்டதாகக் கூறினார்கள்.

அவன் தவறியது ஒரே ஒரு பாடத்தில். முடிவு வெளியான ஓரிரு மாதங்களுக்குள்ளேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழியுண்டு. விண்ணப்பிக்கக் கிடைப்பவை சில நாள்களே. அந்த நாள்களில் அவனிடம் போய், "வா தம்பி, பணத்தைக் கட்டுவோம்" என்று கூற ஒருவரும் இல்லை. நமக்கும் அந்த எண்ணம் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ஏனெனில் நாமும் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு மதரஸாவில் ஓதச் சென்றவர்கள். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அப்ஸலுல் உலமாத் தேர்வில் ஒரு தாளில் தவறினோம். மறுமுறை எழுதிய நாளில் நம் உஸ்தாது அவர்கள் தேர்வு மண்டபம் வரை உடன் வந்து, நாம் எழுதி முடிக்கும் மட்டும் வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் தஸ்பீஹ் உருட்டியவாறு அமர்ந்திருந்தார்கள். அன்று நமக்குக் கிடைத்ததை நாம் அப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

தேர்வெழுதித் தவறுவோர் ஒருபுறமிருக்க, தேர்வு மண்டபத்தையே காணாதவர்களைப் பற்றியும் கூற வேண்டும். இன்று மேடையேறிய பெயர்களுள் பெரும்பாலானவை பெண் பிள்ளைகளின் பெயர்கள் என்பதைக் கவனித்தீர்களா? மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஆண் பிள்ளைகள் எங்கே? பத்தாம் வகுப்பில் தேறியவருக்குக் கடவுச்சீட்டில் இ.சி.ஆர். என்னும் குறி விழாது. அரபு நாட்டுப் பயணம் எளிதாகும். இந்த விதி நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிற்கும் பாடமாகத் தெரியும். ஆகவே பத்தாம் வகுப்பே படிப்பின் எல்லை என்றாகிவிட்டது. பதினெட்டு வயது நிறையும் வரை மாமாவின் கடையில் நிற்பான். பின்பு விசா வரும். மேலும் இரண்டே ஆண்டுகள் பள்ளியில் இருந்துவிட்டுப் போனால் அங்கும் வேறு வேலை, வேறு ஊதியம் என்பதை ஈண்டு அமர்ந்திருக்கும் சபுராளிகளே தம் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். நாம் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் இளைஞர்கள் செவிமடுப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. கேடயம் வழங்கிய பட்டியலில் கண்ட பெயரைச் சில மாதங்களிலேயே நிக்காஹ் பதிவேட்டிலும் எழுத நேர்கிறது. நிக்காஹ் நல்ல காரியம். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பதினெட்டு வயது நிறையாத பெண்ணின் நிக்காஹைச் சட்டம் ஏற்பதில்லை. நாமும் அதற்குக் கையெழுத்திட மாட்டோம். வயது நிறைந்தவளாயினும், படிக்க விரும்பும் பெண்ணின் தந்தையிடம் நாள் குறிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம். கேட்டதற்காக எவரும் வருந்த வேண்டாம். கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கெனத் தொடங்கி, 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. யாருக்குப் பொருந்தும் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்துகொள்க.

சாதிச் சான்றிதழ் குறித்தும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. அது பட்டியலிலுள்ள பிரிவினருக்கே உரியது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை என்று சான்றிதழில் இருத்தல் வேண்டும். வெறுமனே முஸ்லிம் என்று எழுதி வாங்கிவிட்டுக் கலந்தாய்வு நாளில் கைபிசைந்து நிற்பதால் பயனில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே சரிபாருங்கள்.

நிர்வாகத்தாருக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. கேடயங்களுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைத் துணைத் தேர்வுக் கட்டணத்திற்கும் ஒரு மாதத் தனிப்பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். மக்தப் முடிந்தபின் மேல்மாடி மின்விசிறியும் விளக்குமாக வீணே இருக்கிறது, அங்கே நடத்தலாம். கேடயம் சற்றுச் சிறியதானால் எந்தப் பிள்ளையும் கோபிக்காது. முடிவு வெளியாகும் நாளில் தேறியவர் வீட்டுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வோம். தவறியவர் வீட்டுக்குத் தலைவரும் முத்தவல்லியும் நாமும் நேரில் செல்வோம். இனி ஜும்ஆவில் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படாது. அது நம் பொறுப்பிலுள்ளதாகையால் யாரிடமும் அனுமதி கேளாமலே முடிவு செய்துவிட்டோம்.

சென்னைக்குச் சென்ற அந்த மாணவன் சென்ற பெருநாளைக்கு ஊர் வந்தான். தொழுகை முடிந்து எல்லோரும் முஸாஃபஹாச் செய்து கலைந்தபின், ஹவுளின் அருகே நின்று, "ஹஜ்ரத், இனிமேல் எழுத முடியுமா?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. இருவருமாகத் தலைமையாசிரியர் வீட்டுக்குச் சென்றோம். தனித் தேர்வராக எழுதலாம் என்று அவர் விண்ணப்பத்தைத் தாமே நிரப்பித் தந்தார். தவறிய பாடம் கணக்குப்பதிவியல். அக்கடையில் கல்லாக் கணக்கு முழுவதையும் முதலாளி அவனிடமே ஒப்படைத்திருக்கிறார் என்பது வேறு கதை. அந்த முதலாளியும் நமது ஜமாஅத்தினரே. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தேர்வுக்கு நான்கு நாள் விடுப்பளிப்பதாக நேற்றிரவு வாக்களித்தார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

நுழைவுச் சீட்டு நம் அறையில் இருக்கிறது. தேர்வு மையம் நம் ஊரில் இல்லை. காலை பத்து மணிக்குத் தேர்வு. பேருந்தை நம்பினால் உரிய நேரத்தில் சேர இயலாது. மோட்டார் சைக்கிள் உள்ள அன்பர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைச் சந்திக்கவும். பின்னால் நாம் அமர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் இரண்டு வண்டிகளாயின் நலம்.