எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கணக்கில் சேர்த்த டாக்டர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



கால் மணி நேரம்தான் கொடுத்திருக்காங்க. சாம்பார் வாசனையும் வந்தாச்சு. நேரா விஷயத்துக்கு வருகிறேன்.

தலைவி போன் பண்ணி, "சாதனைப் பெண் ஒருத்தரைப் பற்றிப் பேசுங்க சிஸ்டர்" என்று கேட்டார். நான் எடுத்துக்கொண்டது டாக்டர் சுவர்ணா அல்லாடி. நரம்பியல் மருத்துவர், மூளை ஆராய்ச்சியாளர். நம்ம ஊரிலிருந்து பெங்களூரு பஸ் ஏறினால் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி வருமே, அங்கே பேராசிரியர். அதற்கு முன்னால் பல வருஷம் ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் இருந்தார். அவர் ஆராய்ந்தது மறதி நோயை. டிமென்ஷியா என்று சொல்கிறார்களே, அது.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் உண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இது எதற்கு என்று கேட்டால், அது நோய். மூளையின் நரம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால் வருவது. அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். "வயசாச்சு, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். 2023-ல் வந்த ஒரு இந்தியக் கணக்குப்படி, 60 வயது தாண்டிய 100 பேரில் 7 பேருக்கு மேல் இது இருக்கிறது. ஆண்களில் 6, பெண்களில் 9. பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

டாக்டர் சுவர்ணா இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில், ஜான் ஹாட்ஜஸ் என்ற பெரிய நிபுணரின் குழுவோடு வேலை செய்தவர். அல்சைமர் எல்லாருக்கும் மறதியாகவே ஆரம்பிப்பதில்லை என்பதை அந்தக் குழு 2007-ல் எழுதியது. சிலருக்கு முதலில் பேச்சு தடுமாறும். சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் எதிரில் இருப்பது என்னவென்று பிடிபடாது.

அந்தப் படிப்போடு ஐதராபாத்தில் மறதி நோயாளிகளைப் பார்க்கும்போது ஒரு சிக்கல். இந்த நோயைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாள் பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுகிற, பள்ளிக்கூடம் போனவர்களுக்காகத் தயாரித்தது. வாக்கியம் எழுது, படம் பார்த்து வரை, 100-லிருந்து 7 கழி.

இந்த இடத்தில் என் அம்மாவைச் சொல்லியாகணும். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். வட்டிக் கணக்கை மனசிலேயே போடுவாள். எழுபது வயதில் தடுமாற ஆரம்பித்ததும் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "நூத்துல ஏழு போனா எவ்வளவும்மா?" என்று கேட்டார்கள். அம்மா, "அந்த ஏழை யாரு வாங்கிட்டுப் போனது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பென்சிலைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பிடிக்கத் தெரியாமல் கை நடுங்கினாள். மார்க் போட்டு, நோய் முற்றிவிட்டது என்றார்கள். முற்றவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் அம்மா தன் சோற்றைத் தானே ஆக்கித் தின்றாள். நான் செவிலியர், அந்த அறையிலேயே வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை.

ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணாவின் குழு, அந்தக் கேள்வித்தாளைத் தெலுங்கு பேசும் மக்களுக்குத் தகுந்தபடி மாற்றியமைத்தது. பிறகு நிம்ஹான்ஸிலிருந்து, பல இந்திய மொழிகளில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் சோதனைகளை உருவாக்கும் வேலையையும் செய்தார். பெரிய கண்டுபிடிப்பு என்று பேப்பரில் வருவது ஒன்று, இப்படி அடித்தளம் போடுவது ஒன்று. என்னைக் கேட்டால் இதுதான் பெரிது.

பேப்பரில் வந்ததையும் சொல்கிறேன். கனடாவில் டொராண்டோ நகரத்தில் எல்லன் பியாலிஸ்டாக் என்ற அம்மையார் 2007-ல் ஒன்று சொன்னார். இரண்டு மொழி பேசும் நோயாளிகளுக்கு, ஒரே மொழி பேசுகிறவர்களைவிட நாலு வருஷம் தாமதமாகத்தான் மறதி நோய் தெரிகிறது என்று. உடனே கேள்வி வந்தது. அங்கே இரண்டு மொழிக்காரர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறினவர்கள். அவர்கள் சாப்பாடு வேறு, வாழ்க்கை வேறு. மொழிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஐதராபாத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே தெருவில் ஒருத்தருக்குத் தெலுங்கு மட்டும் தெரியும், அடுத்த வீட்டுக்காரருக்குத் தெலுங்கும் உருதும் தெரியும். யாரும் எங்கிருந்தும் குடியேறவில்லை. நிஜாம் கழகத்துக்கு 2006 முதல் 2012 வரை வந்த 648 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். அதில் 391 பேர் இரண்டு மொழியோ அதற்கு மேலோ பேசினவர்கள். அவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. 2013-ல் வெளியானது.

இதிலும் ஒரு சந்தேகம் வரும். இரண்டு மொழி தெரிந்தவர் அதிகம் படித்தவராக இருப்பார், படிப்புதான் காரணமோ? அந்த 648 பேரில் நூற்றுக்குப் பதினாலு பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களிடமும் தாமதம் தெரிந்தது! கைநாட்டு வைக்கிற பாட்டி, சந்தையில் இன்னொரு மொழி பேசிப் பேரம் பேசினாளே, அதையும் மூளை பயிற்சியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு மொழியில் வாய் திறக்கும்போது மற்ற மொழியை உள்ளே அடக்கி வைக்கணும், ஆள் மாறினால் மாற்றணும். அந்த வேலை மூளைக்கு ஒரு சேமிப்பு மாதிரி என்கிறார்கள். நம்ம குழுச் சேமிப்பு கஷ்ட காலத்தைத் தடுக்காது, ஆனால் தாங்க வைக்கும் இல்லையா, அது போல.

நாலரை வருஷம் என்றால் சும்மா இல்லை. ஒரு வங்கிக் கடனை வாங்கி முழுசா அடைத்து, அடுத்ததில் பாதி அடைக்கும் காலம்.

2016-ல் பக்கவாதம் வந்த 608 பேரிடமும் பார்த்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குப் புத்தித் தெளிவு கெடாமல் இருந்தது. ஒரு மொழிக்காரர்களில் 20 பேருக்குத்தான்.

நாளைக்கே ஹிந்தி டியூஷனுக்கு ஓடாதீங்க. மூன்றாவது, நாலாவது மொழியால் கூடுதல் பலன் அந்த ஆராய்ச்சியில் தெரியவில்லை. வேறு நாடுகளில் நல்லா இருக்கிறவர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த சில ஆராய்ச்சிகளில் இந்த வித்தியாசம் கிடைக்கவும் இல்லை. மொழி மருந்தில்லை. என் அம்மாவுக்கு மூன்று மொழி தெரிந்தும் நோய் வந்தது. கடைசியில் தமிழ் போச்சு, கன்னடம் போச்சு, தெலுங்கு மட்டும் நின்றது.

வீட்டில் பெரியவங்க தடுமாறினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்க. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அதைச் சரி பண்ணலாம். பிரஷர், சுகர் மாத்திரையை விடாதீங்க. காது கேட்கலைன்னா அதையும் பாருங்க. சோதனை பண்ணும்போது, "இவங்க பள்ளிக்கூடம் போகலை, வீட்டில் பேசுறது தெலுங்கு" என்று நீங்களாகவே சொல்லுங்க. யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கு, காசு கிடையாது.

இன்னொன்று. தலைவி கோபிக்கக் கூடாது. போன வருஷம் ஒரு குழுவில், மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்று ஒரு உறுப்பினருக்கு அபராதம் போட்டார்கள். நாலாவது கூட்டத்தில் பெயரை எடுத்தார்கள். அந்தப் பொண்ணின் மாமியார் கதவு திறந்திருந்தால் ரோட்டில் இறங்கி நடந்துவிடுவார், இவள் எப்படிக் கிளம்புவாள்? பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்திருந்தால் வந்திருப்பாள்.

மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிற உறுப்பினருக்கு அபராதம் கிடையாது, கூட்ட நாளில் முறை வைத்து ஒருத்தர் அந்த வீட்டில் துணைக்கு இருக்கணும். இந்த இரண்டையும் இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொண்ணு இன்றைக்கும் வரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் நான் எடுத்துப் போகிறேன், தீர்மானத்தையும் சேர்த்து எடுத்துப் போனால் நன்றாக இருக்கும்.