கல்லறை வாசலோடு நின்றுவிடும் வழிகாட்டி



எகிப்தில் லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில், நைல் நதிக்கு மேற்கே, புல் பூண்டு இல்லாத சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் அரசர்களின் பள்ளத்தாக்கு இருக்கிறது. காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். சுற்றுலா பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்குகிறார்கள். பத்தொன்பது பேருக்குப் பேச்சுத்துணை உண்டு: கணவன், மனைவி, தங்கை, பழைய அலுவலகத் தோழி. இருபதாவது ஆள் தனியாக வந்தவர். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும்தான் துணை.

வழிகாட்டி ஒரு கல்லறையின் வாசலில் எல்லாரையும் நிறுத்தி, கையிலிருக்கும் படங்களைக் காட்டிக் கால் மணி நேரம் பேசுகிறார். பிறகு, “நீங்கள் போய் வாருங்கள்” என்று நிழலில் ஒதுங்கிவிடுகிறார். சோம்பல் இல்லை, அங்கே விதியே அதுதான். கல்லறைக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது. குறுகலான பாதையில் கூட்டம் தேங்கும். மூச்சின் ஈரமும் வியர்வையும் மூவாயிரம் ஆண்டு வண்ணங்களை அரிக்கும்.

ஆக, உள்ளே இறங்கும்போது குழுவில் வந்தவரும் தனியாள்தான். நட்சத்திரம் தீட்டிய நீலக் கூரையின் கீழே, “எவ்வளவு நேரம் பார்ப்பே, வா” என்று கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லாதவருக்கு அங்கே ஒரு சின்ன அனுகூலம் உண்டு. சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமுனுக்குத் தனி டிக்கெட். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்தக் கல்லறை பேருக்கேற்ற அளவில் பெரிதில்லை. பொருள்களெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன. ஆனால் அரசன் மட்டும் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறான். மூன்று கல்லறைகளை ஓட்டமாகப் பார்ப்பதைவிட, ஒன்றில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். தனியாக வந்தவர் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இந்த அனுகூலத்துக்கு அவர் விலையும் கொடுத்திருக்கிறார். ஓட்டல் அறையும் நைல் கப்பல் அறையும் இருவர் தங்கும் கணக்கில்தான் விலை போடப்படுகின்றன. ஒருவரே தங்கினால் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்று மேலே ஒரு தொகை. அது வேண்டாமென்றால் முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பகிர வேண்டும். அவர் குறட்டை விடுபவரா, விடிய விடிய போனில் பேசுபவரா என்பது முதல் இரவில்தான் தெரியும். எட்ஃபு கோயிலுக்குப் படகுத்துறையிலிருந்து குதிரை வண்டியில் போவார்கள். மூன்று பேர் கொண்ட குடும்பத்தின் வண்டியில் நாலாவது இடம் எப்போதும் இவருக்குத்தான். குடும்பப் படம் எடுக்க கேமராவும் இவர் கைக்குத்தான் வரும்.

தனியாளுக்குக் குழுப்பயணம் கைகொடுப்பது புதிதல்ல. இங்கிலாந்தில் 1841-இல், மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போகிறவர்களை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலேற்றினார் தாமஸ் குக். அவரே 1869-இல் முதல் நைல் குழுவை இரண்டு வாடகை நீராவிக் கப்பல்களில் அழைத்துப்போனார். சூயஸ் கால்வாய் திறந்த வருடம் அது. ஆண் துணையில்லாமல் ஒரு பெண் எகிப்து போவது அரிதாக இருந்த காலத்தில், டிக்கெட், கப்பல், சாப்பாடு எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்ப வழி பிறந்தது.

வசதி படைத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதே பருவத்தில் இங்கிலாந்து இளவரசரும் நைலில் பயணம் செய்துகொண்டிருந்தார். அவரோடு போன ‘டைம்ஸ்’ செய்தியாளர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், குக்கின் கூட்டத்தைக் கேலி செய்து எழுதினார். நாவலாசிரியை அமீலியா எட்வர்ட்ஸுக்கும் அந்த இளக்காரம் இருந்தது. பிரான்ஸில் விடாமல் பெய்த மழைக்குத் தப்பி 1873-இல் எகிப்து வந்தவர் அவர். ‘தஹபியா’ என்ற பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்து, அபு சிம்பெலில் மட்டும் 18 நாள் தங்கினார்.

அந்த 18 நாளில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே மலையைக் குடைந்த கோயிலின் முகப்பில் இருபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ராம்செஸ் மன்னனின் நான்கு சிலைகளில் ஒன்றின் முகம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது. முன்பு ஒருவர் அச்செடுக்கப் பூசிய சாந்து அது. படகோட்டிகளைச் சாரம் கட்டி ஏறச் செய்து, சாந்தைச் சுரண்டவைத்தார் எட்வர்ட்ஸ். சுரண்டியும் போகாத வெள்ளையின் மேல் காப்பியைப் பூசி, கல்லின் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாளி வாளியாகக் காப்பி கேட்டதில் படகின் சமையல்காரர் திகைத்துப்போனாராம். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

இன்றைய குழுக்களுக்கு அங்கே கிடைப்பது 18 நாள் இல்லை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அஸ்வானிலிருந்து விடியுமுன் பஸ் கிளம்பும். பாலைவனத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். இறங்கியதும் எல்லாரும் நேரே உள்ளே ஓடுவார்கள். கூட்டம் கோயிலுக்குள் முட்டிமோதும் அந்த அரைமணியில், தனியாக வந்தவர் வெளியே முகப்பின் முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டாவது சிலையின் உடைந்த தலை அதன் காலடியிலேயே கிடக்கிறது. பழங்காலத்து நிலநடுக்கத்தில் விழுந்தது. அஸ்வான் அணையின் நீர் மூழ்கடிக்கப் போகிறதென்று 1964 முதல் 1968 வரை கோயிலையே கண்டம் கண்டமாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்களே, அப்போதும் விழுந்த தலையை எடுத்து ஒட்டவில்லை. கிடந்தபடியே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

அதே சிலைகளில் ஒன்றின் காலில் கிரேக்க எழுத்துகள் தெரியும். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்திய மன்னனின் கூலிப்படையாக நூபியாவுக்குப் போன வீரர்கள் தங்கள் பெயர்களைக் கீறிவைத்தது. படையோடு வந்தாலும் பலர் பெயரைத் தனித்தனியாகக் கீறினார்கள். லக்சருக்கு அருகே மெம்னோன் சிலை விடியலில் ஒலி எழுப்புகிறது என்று கேள்விப்பட்டு ரோமானியப் பேரரசன் ஹேட்ரியன் பரிவாரத்தோடு கி.பி. 130-இல் வந்தான். கூட வந்த ஜூலியா பல்பில்லா என்ற கவிஞர் அந்தச் சிலையின் காலில் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். அரசர்களின் பள்ளத்தாக்கில் மட்டும் கிரேக்க, லத்தீன் கிறுக்கல்கள் இரண்டாயிரத்துக்கு மேல். சவப்பெட்டியைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை என்று எழுதிவைத்துப்போன மகானுபாவரும் அதில் உண்டு.

அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவே இந்தியர்களின் கையெழுத்தும் இருப்பதை இங்கோ ஸ்ட்ராவ்க், ஷார்லொட் ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் அண்மையில் படித்துச் சொன்னார்கள். அவற்றில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு பெயர்: சிகை கொற்றன். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவன். அந்நாளில் செங்கடல் துறைமுகங்களுக்குத் தமிழகத்து வணிகர்கள் வந்துபோனது தெரிந்த செய்தி. பெரெனிகேயில் ஒரு இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகே கிடைத்திருக்கிறது. குசைர் அல்-கதீமில் தமிழி பொறித்த பானை ஓடுகள். ஆனால் பாலைவனத்தைக் கடந்து நைல் வரை வந்தவனுக்கும் இந்தக் குன்றுகளுக்குள் வர வணிகத்தில் எந்த அவசியமும் இல்லை. பார்க்க வேண்டுமென்றுதான் வந்திருக்கிறான். வந்து பார்த்தேன் என்ற பொருளில் எழுதியும் வைத்திருக்கிறான்.

ஒரு கல்லறையில் இல்லை, ஐந்து கல்லறைகளில். ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை. பாலைவனத்தை யாரும் ஒற்றையாகக் கடப்பதில்லை. கொற்றனோடும் ஒரு கூட்டம் வந்திருக்கும். அவன் எட்டாவது தடவையாகத் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே வெயிலில் ஒட்டகங்களோடு நின்றவர்கள் அவனை என்ன சொல்லித் திட்டினார்களோ!