மனைக்கு ஏற்ற கொடி

படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்றான் பாரி என்பது தமிழ்மக்கள் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. அவ்வள்ளலின் அருளுள்ளத்தை வியக்குங்கால், அதனுள் அடங்கிய தோட்டக்கலை உண்மையொன்றையும் நோக்குதல் தகும். கொடிக்கு முதலில் வேண்டுவது பற்றுக்கோடு. அதனை எண்ணாது நட்டவர் பின்னர்த் தேரைத்தான் தேடவேண்டிவரும். அயல்வீட்டு மதிலிலே பூத்துக் குலுங்குவதைக் கண்டு ஆசைப்பட்டுக் கன்று வாங்கிவந்து, அதன்பின் வளவிலே இடந்தேடுவோர் பலர். இடத்தை ஆராய்ந்தபின் கொடியைத் தெரிவதே முறை.

கொடிகள் யாவும் ஒரே வகையாக ஏறுவன அல்ல. 1865ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே சாள்ஸ் டார்வின் என்னும் அறிஞர், ஏறும் முறை கொண்டு அவற்றை வகுத்துக் காட்டினார். அவரை, சங்குப்பூ, இராசவள்ளி என்பன தண்டினாலேயே கொம்பைச் சுற்றி ஏறுவன. இவற்றுக்கு மெல்லிய தடியோ கயிறோ போதும். பருத்த தூணைச் சுற்ற இவற்றால் இயலாது. பாகல், புடோல், பீர்க்கு, முந்திரிகை, கொடித்தோடை என்பன சுருள்போன்ற பற்றுக்கம்பிகளால் பிடித்தேறுவன. இவற்றுக்குக் கம்பிவலையோ, சுள்ளி பரப்பிய பந்தலோ வேண்டும். வெற்றிலையும் மிளகும் கணுக்களில் விடும் வேர்களால் ஒட்டி ஏறுவன. முள்முருக்குப் போன்ற உயிருள்ள மரமே இவற்றுக்கு நல்ல துணை. வேரால் ஒட்டும் கொடியைச் சாந்து பூசிய சுவரில் ஏற்றிவிட்டால், பின்னர் அதனைப் பிடுங்கும்போது சாந்தும் உடன் பெயர்ந்து வரும். போகன்வில்லாவோ தன் முள்ளைக் கொளுவிக்கொண்டு சாய்ந்து செல்வது. அதனைக் கட்டிவிடுதலும் காலத்துக்குக் காலம் வெட்டிவிடுதலும் வேண்டும். நடைபாதையின் ஓரத்திலே அதனை நடுதல் நன்றன்று.

அடுத்து எண்ணற்பாலது கொடியின் வாழ்நாள். பிற்பகல் வெயிலைத் தடுக்க மேற்கு முற்றத்திலே பந்தல் இடுவோர் பலர். இலைகள் நிழல் தருவதோடு நீரையும் ஆவியாக விடுவதால், தகரக் கூரையின் கீழ் இல்லாத தண்மை கொடிப்பந்தலின் கீழ் உண்டு. ஆயின் பாகலும் புடோலும் சில மாதங்களிற் காய்த்து ஓய்ந்துவிடும். பின்னர்ப் பந்தல் வெறுமையாகும். நெடுநாள் நிழல் வேண்டுவோர்க்குக் கொடித்தோடையும் முந்திரிகையும் உதவும். இவற்றின் பாரமோ பெரிது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் மட்டக்களப்பார் கச்சான் என்றும் கூறும் காற்று வீசும்போது, இலை நிறைந்த பந்தல் பாய்மரம்போல் ஆகிவிடும். ஆதலின், கறையான் அரிக்காத உறுதியான தூண்களை முதலிலேயே நாட்டுதல் வேண்டும். முந்திரிகையைக் கவாத்துச் செய்யாது விட்டால் இலை மிகும், குலை குறையும்.

அடுக்களைக்காகக் கொடி வளர்ப்போர் பூக்களின் இயல்பை அறிதல் நலம். புடோல், பாகல், பீர்க்கு ஆகியவற்றிலே ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலிலே தோன்றுவன பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வது கண்டு கவலுற வேண்டியதில்லை. அடியிலே பிஞ்சு போன்ற சிறு வடிவந் தாங்கி நிற்பதே பெண்பூ. புடோற்பூ மாலைக்குப் பின் மலர்ந்து அந்துப்பூச்சிகளை அழைப்பது. பாகற்பூ காலையில் மலர்ந்து தேனீக்களை அழைப்பது. பூக்குங் காலத்திலே பூச்சிகொல்லி தெளிப்பவர் தம் காயைத் தாமே கெடுத்துக்கொள்கின்றார். புடோற்பிஞ்சின் நுனியிலே சிறு கல்லைக் கட்டிவிட்டால் காய் வளையாது நீளும் என்பது இல்லத்தரசியர் நன்கறிந்ததே.

ஒரேயொரு பந்தலுக்கே இடமுள்ள வளவினர் சிறகவரையை நாடலாம். அதன் பிஞ்சு, தளிர், பூ, விதை, கிழங்கு ஆகிய யாவும் உணவாகும். வேரிலுள்ள முடிச்சுக்களிலே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அதற்கு ஊட்டுவதால், அக்கொடிக்கு உரச்செலவும் குறைவு. பகற்பொழுது குறுகுங் காலத்திலேயே அது பூக்கும் என்பதை நினைவிற்கொண்டு, பொறுமையோடு காத்திருத்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கருத வேண்டியது வீட்டாரின் நலம். மாரிகாலத்து வேலிகளிலே தீக்கொழுந்துபோல் மலரும் காந்தளை, அதாவது கார்த்திகைப் பூவை, விரும்பாதார் இல்லை. இலை நுனியையே சுருளாக்கிப் பற்றி ஏறும் அக்கொடியின் எல்லா உறுப்புக்களும் நஞ்சு. கிழங்கிலே கொல்சிசின் என்னுங் கொடிய நஞ்சு மிகுதி. சமைத்தாலும் அந்நஞ்சு நீங்கும் என்று நம்புவதற்கில்லை. உண்ணத்தகும் கிழங்கென மயங்கி அதனை உண்டு உயிர்நீத்தோர் இந்நாட்டிலேயே உளர். எனவே இராசவள்ளி படரும் வேலியிலே காந்தளை வளர்த்தல் ஆகாது. சிறுவர் மண் கிண்டி விளையாடும் இடத்திலும் ஆகாது. தவறி எவரேனும் உண்டுவிடின், வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும்வரை காத்திராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

கொம்பு எது, வெயில் எவ்வளவு, கொடி வாழுங் காலம் எத்துணை, வீட்டிலே குழந்தைகள் உளரா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடைகண்டு நடுபவரின் பந்தலிலே நிழலும் இருக்கும்; காயும் பூவும் இருக்கும்; அதன் கீழே அச்சமின்றிக் குழந்தைகளும் விளையாடுவர்.