அப்பாவின் ஹெரால்டும் ஒரு முன்சக்கரமும்

இந்த எபிசோடு ஒரு பழைய காரைப் பத்தினது. எனக்கு சென்னையில் லேப்டாப் முன்னாடி உட்கார்ற வேலை. ஸ்பேனர் பிடிச்சுப் பழகின கை இல்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எங்க ஊர் பந்தல்குடி. மதுரையில இருந்து தூத்துக்குடி போற நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டை தாண்டினதும் வரும். கரிசல் மண், வேலிக்கருவை, சுண்ணாம்புக்கல் சுரங்கம். வீட்டு வேப்பமரத்தடியில் அப்பாவோட 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கும். சென்னைக்குப் பக்கத்துல வண்டலூரில் செஞ்ச கார். இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் அதோட மூலம். 1961-இல் இருந்து ஒரு பத்து வருசம் இங்கே செஞ்சாங்க. அந்தக் காலத்துல டாக்டர், வக்கீல் வீட்டு வாசல்ல நின்ன வண்டி.

"இது குடும்பக் காராச்சே, இதுல என்ன ஸ்போர்ட்ஸ்"னு நீங்க கேட்கலாம். 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், ரெண்டே பேர் உட்கார்ற திறந்த கார், இதே ஹெரால்டு சேஸியைச் சுருக்கிச் செஞ்சது. ரெண்டையும் வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. முன்சக்கர சஸ்பென்ஷன் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். லோட்டஸ் செவன்லகூட இந்த ஹெரால்டு பாகத்தைப் போட்டிருக்காங்க. அப்படி ஒரு முன்பக்கத்தை வெச்சுக்கிட்டுதான் எங்கப்பா திருச்சுழி கோயிலுக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போயிட்டு வந்தார்.

போன பொங்கலுக்குப் போனப்ப, ஸ்டியரிங் இடதுபக்கம் திருப்பினா இறுக்கமா இருக்குன்னு சொன்னார். "வயசாயிருச்சுல்ல தாயி, எனக்கும் அதுக்கும்." ஆறு நாள் லீவு இருந்தது. கழட்டிப் பார்த்துடலாம்னு இறங்கிட்டேன்.

ஹெரால்டுல ஒரு பெரிய சௌகரியம். பானெட்டோட ரெண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமா மொத்தமா கவிழும். டயர் மேல உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஆனா ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீங்க. சேஸிக்கு அடியில நல்ல கட்டையா ரெண்டு கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துட்டுதான் சக்கரத்தைக் கழட்டினேன்.

உள்ளே மேலும் கீழுமா முக்கோண வடிவுல ரெண்டு கைகள், விஷ்போன். நடுவுல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா. மேலே மூணு நட்டு, கீழே ஒரு போல்ட் எடுத்தா அது மொத்தமா கையில வந்துடும். அந்த மூணு நட்டுக்கு நடுவுல இருக்கிற நட்டைத் தொடவே கூடாது. அமுக்கி வெச்ச ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிறது அதுதான். தப்பாக் கழட்டினா ஸ்பிரிங் உங்க முகத்துக்குத்தான் வரும். நான் அதுல சிவப்பு நெயில்பாலிஷ் வெச்சுட்டுதான் வேலையே ஆரம்பிச்சேன்.

எல்லாம் இஞ்ச் சைஸ் போல்ட். என்கிட்ட இருந்ததோ மில்லிமீட்டர் செட்டு. எதிர்வீட்டு லாரி மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய இஞ்ச் ஸ்பேனர் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியும் கீழ்ப் போல்ட் ஒண்ணு துருப்பிடிச்சு ரெண்டு நாள் அசையலை. டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி, தட்டி, திரும்ப ஊத்தி, கடைசியில ஹேக்ஸா பிளேடு போட்டு அறுத்தோம்.

அந்தப் போல்ட்டு பிடிச்சிருக்கிற சாமானுக்குப் பேரு ட்ரனியன். கைக்கு அடக்கமான ஒரு வெண்கலக் கட்டி. சக்கரத்தைத் தாங்குற இரும்புத் தண்டோட அடிநுனியில மரை போட்டிருக்கும், அது இந்த வெண்கலத்துக்குள்ள திருகி நிற்கும். நீங்க ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரையில சுத்துது. இடது சக்கரத்துக்கு ஒரு பக்க மரை, வலதுக்கு எதிர்ப்பக்க மரை. மாத்திப் போட முடியாது. ஒரு திருகாணி மேல காரோட முன்பாரம் நிற்குதுன்னு வெச்சுக்கோங்க.

தண்டைக் கழட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். மரை முடியற இடத்துல துரு குழிகுழியா அரிச்சிருந்தது. அண்ணன் ஒண்ணும் பேசலை. தண்டை மண்ணெண்ணெயில ஊறவெச்சு, சுத்தமாத் துடைச்சு, சாக்பீஸ் பொடியை மேல தடவினார். கொஞ்ச நேரத்துல வெள்ளையில ஒரு ஈரக்கோடு எழும்பி வந்தது. தலைமுடி அளவு. விரிசல்.

அது முறிஞ்சா சக்கரம் அப்படியே உள்பக்கமா மடங்கிடும். நான்குவழிச் சாலையில, உப்பு ஏத்துன லாரிக்கு முன்னாடி.

காரணம் என்னன்னு பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல்ல இருந்தது. ட்ரனியனுக்கு கியர் ஆயில்தான் விடணும், 90 ஆயில். கிரீஸ் அடிச்சா கெட்டிப்பட்டு அடிவரைக்கும் இறங்காது, தண்ணி உள்ளேயே தங்கிடும். ஆனா பார்த்தா கிரீஸ் நிப்பிள் மாதிரியேதான் ஒரு ஓட்டை இருக்கும்! அப்பா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாம கிரீஸ் கன்னால அடிப்பார். ஞாயித்துக்கிழமையானா உப்புப் போர்த் தண்ணியால அடிப்பக்கமெல்லாம் பீய்ச்சிக் கழுவுவார். வண்டியை அவ்வளவு பார்த்துக்கிட்டதுதான் வண்டிக்கு வினையாப் போச்சு.

எப்படிச் சொல்றதுன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில தண்டைக் கையில கொடுத்து, மேனுவல் பக்கத்தையும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சார். கோட்டை நகத்தால தடவினார். அப்புறம் அடுப்படிப் பக்கம் பார்த்துட்டு மெதுவாக் கேட்டார்: "அப்ப இத்தனை வருசமா ஒங்கம்மாவ இதுலயா கூட்டிட்டுப் போனேன்?"

எனக்குப் பதில் வரலை. அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "அதான் போயிட்டு வந்துட்டோம்ல, காப்பி ஆறுது"ன்னாங்க.

ஸ்பிட்ஃபயரை இன்னும் ஓட்டுறவங்க இருக்கிறதால இங்கிலாந்துல இந்தச் சாமான் புதுசா இன்னமும் கிடைக்குது. ரெண்டு பக்கத்துக்கும் தண்டு, ட்ரனியன், புஷ் எல்லாம் ஆர்டர் போட்டிருக்கேன். ஒரு பக்கம் கெட்டிருந்தா மறுபக்கத்தையும் நம்ப முடியாது. வலதுபக்கம் இன்னும் கழட்டவே இல்லை. வண்டி கட்டை மேல நிற்குது.

போன வாரம் அப்பா வீடியோ கால் பண்ணினார். கிரீஸ் கன்னை எதிர்வீட்டு அண்ணன்கிட்ட கொடுத்துட்டாராம். பானெட்டுக்கு உள்பக்கம் வெள்ளை பெயின்ட்ல அவர் கையெழுத்துல எழுதியிருந்ததைக் காட்டினார்: "90 ஆயில் மட்டும்." 'ஆயில்'ல புள்ளி வைக்க மறந்திருந்தார். சொன்னேன். போனை அம்மா கையில கொடுத்துட்டு பிரஷ்ஷைத் தேடிப் போயிட்டார்.